மென்பொருளைக் கூடி வடிவமைக்கத் தேவையான தகவல்கள்

மென்பொருள் குழு வடிவமைப்புக்கு உட்காரும் முன், தீர்க்க வேண்டிய சிக்கலை ஒரே பத்தியில் எழுதிக்கொள்ள வேண்டும். யார் பயன்படுத்துவார்கள், இன்று எங்கே திணறுகிறார்கள் என்பது அதில் இருந்தால் போதும். தீர்வைப் பற்றிய பேச்சு அதில் வேண்டாம்.

பிறகு கட்டுப்பாடுகள். இவற்றை எண்ணில் எழுத வேண்டும். ‘வேகமாக இயங்க வேண்டும்’ என்றால் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். ‘500 பேர் ஒரே நேரத்தில் தேடினாலும் 2 விநாடிக்குள் விடை’ என்றால் சோதித்துப் பார்க்கலாம்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது, இருவர் எழுதும் பகுதிகள் ஒன்றோடொன்று இணையும் இடத்துக்கு. அங்கே கைமாறும் ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர், அலகு, எல்லை, வெறுமையாக வரலாமா, பிழை நேர்ந்தால் என்ன திரும்பும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கும்போது அழிந்ததற்கு இப்படிக் கைமாறிய ஒரு மதிப்பின் அலகுக் குழப்பமே காரணம். தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. அதைப் பெற்ற மென்பொருள் நியூட்டன் அலகென்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் ஏறத்தாழ 4.45 மடங்கு. இத்தனைக்கும், எந்த அலகு என்பது விவரக்குறிப்பில் எழுதியே இருந்தது. ஆகவே எழுதியதோடு நிற்காமல், மாதிரித் தரவு ஒன்றை இரு பக்கமும் ஓட்டி விடைகளை ஒப்பிட வேண்டும். கூட்டம் கலைவதற்குள் இதைச் செய்துவிடுவது நல்லது.

எவை பின்னால் மாறக்கூடும் என்ற பட்டியலும் வேண்டும். மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு கூறுக்குள் மறைத்து வைக்கலாம் என்று கணினியியலாளர் டேவிட் பார்னஸ் 1972இல் எழுதினார். இன்றும் அது பயன்படும் அளவுகோல்.

முடிவு எடுத்தபின் அதற்கான காரணத்தைப் பதிய வேண்டும். எடுத்த முடிவு நிரலில் தெரியும். தள்ளிய வழிகள் தெரியாது. புதிதாகச் சேர்ந்தவர் அதே வழியை மறுபடி முன்வைக்க, பழைய விவாதம் முதலிலிருந்து தொடங்கும். மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த பதிவு முறை எளிது: தலைப்பு, சூழல், முடிவு, நிலை, விளைவுகள். இத்துடன் ‘தள்ளியவை’ என்றொரு பகுதியும் சேர்க்கலாம். பைத்தான் மொழியின் மேம்பாட்டு முன்மொழிவுகளில் அப்படி ஒரு பகுதி உண்டு. பதிவுக் கோப்பு நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே இருக்கட்டும். முடிவு பின்னர் மாறினால் பழையதை அழிக்காமல், எந்தப் புதிய பதிவு அதன் இடத்துக்கு வந்தது என்று குறித்தால் போதும்.