நிலக்கரிச் சுரங்கமும் தொழிலாளர் மொழியும்

நமது ஹம் நகரின் பொக்கும்-ஹோவெல் பகுதியில் ராட்போட் சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. சுரங்கம் 1990ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. 1908ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அதிகாலையில் நிலத்தடியில் நிகழ்ந்த வெடிப்பில் ஏறத்தாழ 350 தொழிலாளர் அங்கு மாண்டனர். தீயை அணைக்கச் சுரங்கத்தினுள் நீர் நிரப்பப்பட்டமையால், பெரும்பாலானோரின் உடல்கள் மறு ஆண்டே மேலே கொண்டுவரப்பட்டன. ஹோவெல் மயானத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டு.

அக்காலத்தில் ரூர் பிரதேசச் சுரங்கங்களில் உழைத்தோருள் பெருந்தொகையினர் போலந்து மொழி பேசுவோர். பலரும் இவர்களை வெளிநாட்டவர் என்றே எண்ணுகின்றனர், அது சரியன்று. பிரஷ்ய அரசின் கிழக்கு மாகாணங்களிலிருந்து வந்த இவர்களுள் பெரும்பாலானோர் சட்டப்படி அந்நாட்டின் குடிகளே. ஆயினும் அவர்களது மொழி அந்நிய மொழியாகவே கருதப்பட்டது.

அம்மொழி குறித்து இரு விதிகள் எழுந்தன. சட்டம் பயின்றவன் என்ற முறையில் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே நோக்குகிறேன். முதலாவது, 1899ஆம் ஆண்டு டோர்ட்முண்ட் சுரங்க அதிகார சபை பிறப்பித்த ஒழுங்குவிதி. மேலாளர் இடும் கட்டளையையும் உடன் வேலை செய்வோர் கூறுவதையும் யேர்மன் மொழியில் சரிவர விளங்கிக்கொள்ளக் கூடியவரையே சுரங்கத்தில் அமர்த்தலாம் என்றது அது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தீப்பற்றும் வாயு கசியும் இருட்டறையில் "வெளியேறு" என்ற ஒரு சொல் விளங்காவிடில் உயிர் போகும். எனினும் சுமை முழுவதும் தொழிலாளியின் தலையிலேயே விழுந்தது. மொழி அறியாதவருக்கு வேலை இல்லை.

இரண்டாவது, 1908ஆம் ஆண்டின் சங்கங்கள் பற்றிய சட்டத்தின் 12ஆம் பிரிவு. பொதுக்கூட்டங்கள் யேர்மன் மொழியிலேயே நடைபெறல் வேண்டும் என அது விதித்தது. சில விலக்குகள் இருந்தன. ஆனால் ரூர் பிரதேசத் தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு அவை பயன்படவில்லை. இவ்விதியால் எவருடைய உயிரும் காக்கப்படவில்லை. தம் கூலியையும் பாதுகாப்பையும் பற்றித் தம் மொழியில் கூடிப் பேச விரும்பியோரின் வாயை அது அடைத்தது. அதே ஆண்டில்தான் ராட்போட் வெடித்தது என்பதை நான் மறக்க இயலாது. 1917இல் அப்பிரிவு நீக்கப்பட்டது.

போலந்து மொழியினர் வாளாவிருக்கவில்லை. 1890 முதல் போகும் நகரில் அவர்களுக்கெனச் செய்தித்தாள் வெளிவந்தது. 1902இல் அங்கேயே தமக்கெனத் தொழிற்சங்கமும் அமைத்தனர். ராட்போட் விபத்தின் பின்னர், 1909இல், தொழிலாளர் தாமே தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்குச் சட்டம் இடமளித்தது.

பின்னாளில் இத்தாலியர், துருக்கியர், கொரியர் எனப் பலரும் இச்சுரங்கங்களுக்கு வந்தனர். அனைவரையும் குறித்த சொல் 'கும்பெல்'. நம் காதுக்கு அது 'கும்பல்' என ஒலிக்கலாம், இரண்டுக்கும் உறவில்லை. அப்பத்தைப் பகிர்ந்து உண்பவன் என்பதே அதன் மூலப்பொருள். 2018 டிசம்பரில் பொட்ரொப் நகரின் கடைசிச் சுரங்கமும் மூடப்பட, இந்நாட்டில் கருநிலக்கரி அகழ்வு முடிவுற்றது.

சுமை இன்று இடம் மாறியுள்ளது. அபாயகரமான பொருட்கள் தொடர்பான ஒழுங்குவிதிகளின் 14ஆம் பிரிவின்படி, அத்தகைய பொருட்களைக் கையாள்வோருக்கு அவர்கள் விளங்கிக்கொள்ளும் வடிவிலும் மொழியிலும் அறிவுறுத்தல் வழங்குவது பணி வழங்குநரின் கடமை. பணி தொடங்குமுன்னரும் அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அது வாய்மொழியாக நடைபெறல் வேண்டும். பணியாளர் கையொப்பமிட்டு உறுதிப்படுத்துவர். பணியிடங்களில் 'உன்டர்வைசுங்' என நீங்கள் கேட்பது இதுவே.

துப்புரவுப் பணி செய்யும் அம்மையார் ஒருவர், தாம் ஆறு ஆண்டுகளாகக் கையொப்பமிட்டுவந்த தாளை அண்மையில் என்னிடம் காட்டினார். குளோரீன் கலந்த திரவத்தையும் சுண்ணாம்புப் படிவு நீக்கும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கலாகாது, நச்சு வாயு எழும் என்பது அதன் மூன்றாம் வரி. "இப்பிடியொண்டு இருக்கெண்டு எனக்குத் தெரியாது, தம்பி" என்றார். கையொப்பமிடுமுன் "எனக்கு விளங்கவில்லை, விளங்கும் மொழியில் தாருங்கள்" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதையும் அன்றுதான் அறிந்துகொண்டார்.