மாதா கோயில் சுவரில் ஒரு வேதியியல் பாடம்

உங்கள் ஊர் மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன் என்னென்ன வேலைகள் நடக்கும்? சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். பீடத்துக்கு வண்ணம் தீட்டுவார்கள். சுரூபங்களைத் துடைத்து, பூமாலை சாத்துவார்கள். கோயிலே புதிதாகிவிடும். ஆனால் அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் சில கோயில்களில் சுவரின் அடிப்பகுதி பொரிந்து, புதுப் பெயிண்டு செதில் செதிலாக உதிர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். “பெயிண்டு மட்டமான சரக்கு” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. குற்றம் உண்மையில் பெயிண்டின் தரத்தில்தானா? சற்று ஆராய்வோம்.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். அதற்கு வடக்கே தூத்துக்குடி, தெற்கே மணப்பாடு. மணப்பாட்டின் மணற்குன்றின்மீது நிற்கும் திருச்சிலுவைக் கோயில் 1581-ல் எழுந்தது. தூத்துக்குடி பனிமய மாதா கோயில் 1713-ல் அர்ச்சிக்கப்பட்டது; 1982-ல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றதோ 1824-ல்தான். அப்படியானால், அதற்கு முற்பட்ட கட்டடங்களின் கல்லையும் செங்கல்லையும் பிணைத்தது எது? சுண்ணாம்பு!

கடற்கரையில் கிடக்கும் சிப்பியையும் சங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டு. காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். எஞ்சுவது கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால் ‘சுர்’ரென்று கொதித்து நீறும். (இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.) நீற்றிய சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. மணலோடு சேர்த்து அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சி, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கடலில் சிப்பியாக இருந்த பொருள், நெருப்பையும் நீரையும் கடந்து, சுவரில் மறுபடி கல்லாகிறது. எவ்வளவு அழகான சுழற்சி!

நம் கொத்தனார்கள் இக்கலவையில் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்ப்பது வழக்கம். சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும். இதனால் கலவை குழைவாகி, பூச இதமாக இருக்கும். பளபளப்பு வேண்டிய மேற்பூச்சில் முட்டையின் வெண்கருவையும் கலப்பார்கள். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதைப் பனங்காட்டில் கண்டிருப்பீர்களே! பனையும் சுண்ணாம்பும் இந்த மண்ணில் பழைய கூட்டாளிகள்.

இனி வண்ணத்துக்கு வருவோம். சுண்ணாம்பு கடுமையான காரப்பொருள். எல்லா நிறமிகளும் அதைத் தாங்கமாட்டா. காவியும் மஞ்சள் மண்ணும் தாங்கும். ஏனெனில் அவற்றின் நிறத்துக்குக் காரணம் இரும்பின் ஆக்சைடுகள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே இந்நிறமிகளைத் தீட்டினால், இறுகும் கால்சியம் கார்பனேட்டு அவற்றைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். பசையே தேவையில்லை.

மாதா சுரூபத்தின் மேலாடை பெரும்பாலும் நீலமாக இருப்பது ஏன்? ஐரோப்பாவில் ஒருகாலத்தில் சிறந்த நீல நிறமி, ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த லாபிஸ் லாசுலி என்னும் கல்லை அரைத்துப் பெறப்பட்டது. அதன் விலை மிக அதிகம். விலை உயர்ந்ததை மாதாவின் ஆடைக்கென ஓவியர்கள் ஒதுக்கினர். பிரான்சு நாட்டு வேதியியலார் கிமே, அதே நிறமியைச் செயற்கையாகச் செய்யும் முறைக்காக 1828-ல் பரிசு பெற்றார். அதன்பின் ஏழை எளிய பங்குக் கோயிலுக்கும் அந்த நீலம் எட்டியது. வெள்ளை வேட்டிக்குப் போடும் பழைய நீலப் பொடியும் இதே அல்ட்ராமரீன்தான்! இது காரத்தைத் தாங்கும். அமிலம் பட்டால் நிறம் இழக்கும்.

சரி, சுவர் ஏன் பொரிகிறது? மண்ணிலுள்ள ஈரம், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. இதுவே நுண்புழை ஏற்றம். கடலோரத்தில் அந்நீரில் உப்பும் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சிலும் நுண்துளைகள் உண்டு. ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். உப்பு மேற்பரப்பில் வெண்மையாகப் பூக்கும், துடைத்துவிடலாம். அதே சுவரை அடர்ந்த சிமெண்டுப் பூச்சாலோ எனாமல் பெயிண்டாலோ மூடினால், ஈரம் வெளியேற வழி குறைகிறது. அது இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. உப்பு பூச்சின் பின்னாலேயே படிகமாகி, அழுத்தம் கொடுத்துப் பூச்சைப் பிளக்கிறது. ஆகவே, நல்ல பெயிண்டானாலும் அந்த இடத்துக்குத் தகாத பெயிண்டு!

நீங்களே சோதித்துப் பாருங்கள். உலர்ந்த செங்கற்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் நான்கு பக்கங்களிலும் எனாமல் அடித்துக் காயவிடுங்கள். அடியும் உச்சியும் திறந்திருக்கட்டும். மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டையும் உப்புநீர் ஊற்றிய தட்டில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, நீர் வற்ற வற்ற ஊற்றி வாருங்கள். எதில் ஈரம் உச்சிவரை விரைவில் எட்டுகிறது? எதில் உப்பு எங்கே பூக்கிறது? நாள்தோறும் குறித்து வையுங்கள்.

பழைய சுவரைச் சுரண்டிவிட்டால், அதன் அடுக்குகளுக்குள் மறைந்திருக்கும் முன்னோரின் பூவேலையும் வண்ணமும் தூளாகிவிடும். அவற்றைத் திரும்பப் பெற முடியாது. எனவே அடுத்த திருவிழாவுக்கு முன் உங்கள் கோயிலில் வேலை தொடங்கும்போது, உங்கள் குறிப்பேட்டுடன் பங்குக் குருவிடமும் கொத்தனாரிடமும் சென்று ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தச் சுவர் சுண்ணாம்பா, சிமெண்டா?” சுண்ணாம்பு என்றால் சுண்ணாம்பாலேயே வெள்ளையடிக்கலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு செங்கற்களும் அதற்குச் சாட்சி சொல்லும்.