பத்து மணிக்கு மேல் பழங்கதை வேண்டாம்

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது, இரவு 10 மணிக்குச் சாத்துகிறது. ராயபுரம் சந்தானாலும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமானாலும், உன் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்போது பத்தரை ஆகியிருக்கும். அந்த நேரத்தில், உன் வளைகாப்பு அன்றைக்கு அவர் எந்தக் கோலத்தில் வந்து நின்றார் என்ற கதையை எடுக்காதே, தங்கச்சி. கதை பொய்யில்லை. கேட்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை. அளவு மீறிக் குடித்தால் அன்றைய இரவை மூளை பதிந்து வைப்பதே நின்றுபோகும். காலையில் “நானா அப்படிச் சொன்னேன்?” என்று அவர் முழிப்பது எல்லா நாளும் நடிப்பில்லை. நீ மட்டும்தான் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் பத்து வருஷத்துக்குப் பத்திரமாக வைத்திருப்பாய்.

அதனால் சண்டை போட வேண்டியிருந்தால் காலையில் போடு. டீ குடித்த பிறகு, அவர் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், ஒரே ஒரு விஷயம். நேற்றைய விஷயம். வளைகாப்பு அப்புறம்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி? என் அப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர், குடித்தே போய்ச் சேர்ந்தவர். என் வீட்டுக்காரர் குடித்து, பிறகு நிறுத்தியவர். இரண்டு பேர் மேலும் வருஷக்கணக்காகக் கோபத்தை வளர்த்தவள் நான். “மன்னிச்சிடும்மா, மறந்துடும்மா” என்று சுலபமாகச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் வீட்டுக் கதவு இரவில் அப்படித் தட்டப்பட்டதே இல்லை. நான் சொல்வது வேறு. பழைய கோபம் இறங்க வேண்டுமானால் முதலில் புதுக் கோபம் வருகிற வழியை அடை. படகில் ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் இறைத்துக்கொண்டிருக்க முடியுமா?

புதுக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார். அவர் குடிப்பதில் பாதி. மீதிப் பாதி, நாம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற காரியங்களில். சூப்பர்வைசருக்கு போன் போட்டு “அவருக்குக் காய்ச்சல் சார்” என்று சொல்கிறோம். அவர் கைமாற்று வாங்கியவனுக்கு நம் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறோம். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் “நைட் ஷிப்ட்” என்று சிரித்துச் சமாளிக்கிறோம். அவருக்கு அதில் பாதி தெரியாது, மீதி ஞாபகமில்லை. நமக்கோ ஒவ்வொன்றும் அவர் பேரில் எழுதப்பட்ட பற்று. விருப்பமில்லாமல் இன்றைக்குச் செய்கிற உதவிதான் நாளைக்குக் கோபமாக நிற்கிறது.

இதில் ஏதாவது ஒன்றை மட்டும் நிறுத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் வேண்டாம். கடனை அடைப்பதை நிறுத்துவதுதான் முதலில் நல்லது என்பேன். போன் விஷயத்தில் மட்டும் உன் வீட்டு நிலைமையைப் பார்த்துக்கொள். நிரந்தர வேலை என்றால் மெமோவோடு போகும். கான்ட்ராக்ட் என்றால் நாளைக்கே கேட்டில் நிறுத்திவிடுவார்கள். அடுப்பு எரிய வேண்டுமே. அதை இங்கே உட்கார்ந்து நான் முடிவு செய்ய முடியாது.

பணத்தைக் காப்பாற்றினால் கோபத்தில் பெரும்பகுதி உருவாகவே உருவாகாது. 2023 செப்டம்பர் 15-லிருந்து வருகிற மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் உன் பேரில் வருவது. அந்த ஏடிஎம் கார்டு உன்னிடம் இருக்கட்டும், பின் நம்பர் உன் மனசில் மட்டும் இருக்கட்டும். கடல் தொழில் வீடாக இருந்தால் தடைக்காலத்தை முன்கூட்டியே நினை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பங்குப் பணம் கிடையாது, மனுஷன் நாள் முழுக்கக் கண் முன்னால் இருக்கிறார், பள்ளிக்கூடம் திறக்கிற செலவும் அப்போதுதான் வந்து நிற்கும். காசிமேட்டு வீடுகளில் பழைய கதைகள் அதிகம் கிளம்புவது அந்த வெயிலில்தான். தை, மாசியிலேயே அரிசிக்கும் ஃபீஸுக்கும் எடுத்து ஒளித்து வைத்தவள் சித்திரையில் கொஞ்சம் நிதானமாகப் பேசுவாள்.

அடுத்தது சத்தியம். குழந்தை தலையில் அடித்துச் சத்தியம், கற்பூரம் அணைத்துச் சத்தியம். சபரிமலைக்கு மாலை போட்டால் அதுவே ஒரு சத்தியம். மாலை போட்ட நாளெல்லாம் தொடாத மனுஷன், கழற்றிய அன்றைக்கே ஆரம்பிப்பார். நமக்கு வயிறு எரிவதும் அப்போதுதான்: “சாமிக்காக முடிஞ்சது, எனக்காக முடியலையா?” அந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். விரதத்துக்கு முடிகிற தேதி ஒன்று உண்டு. கூடவே பத்து சாமிகள், அதிகாலைக் குளியல், பஜனை என்று நாள் நிறைந்திருக்கும். கழற்றின மறுநாள் இது ஒன்றும் இல்லை. உன் மேல் இருக்கிற அன்பை அளக்கும் கோலாக அந்த மாலையை எடுத்துக்கொள்ளாதே.

சத்தியத்தின் கதி தெரிந்துகொள்ள நாம் வெளியூர் போக வேண்டாம். திருவொற்றியூர் கோவிலில் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்த்திருப்பாய். உன்னைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் இந்த ஊரில் மணந்துகொண்ட சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியம் அது. அதிலும் ஒரு தந்திரம்: சந்நிதியில் நான் சத்தியம் பண்ணும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று ஈசனிடமே ஏற்பாடு. ஈசன் சங்கிலியார் பக்கம் நின்று, மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிட்டார். அப்படியும் மனுஷன் திருவாரூர் நினைப்பு வந்து கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போனது. திருவாரூரில் இருந்த முதல் மனைவி பரவையாரின் கோபத்தைத் தணிக்க ஈசனே இரண்டு முறை தூது நடந்தார் என்பார்கள். சங்கிலியாரின் கோபத்துக்கு யார் தூது போனார் என்று இந்த ஊர்க்காரியான நான் கேட்பதுண்டு. இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

ஆகவே சத்தியம் வாங்காதே. வாங்கினால் அது உடையும், உடைந்தால் உனக்கு இன்னொரு கோபம். அதற்குப் பதிலாகக் கண்ணால் பார்க்க முடிகிற ஒன்றைக் கேள்: ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவின் ஓ.பி. சீட்டு. சீட்டு இருக்கிறதா, இல்லையா. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி என்றதும் “மனசு வெச்சா நிறுத்தலாம், இதுக்கு எதுக்கு டாக்டர்?” என்று மாமியார் கேட்பார். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் கை கால் நடுங்கி, இல்லாத ஆட்களோடு பேசுகிற நிலைக்குப் போகலாம், உயிருக்கே ஆபத்து. அவரை அறையில் பூட்டி வைத்து “திருத்துகிற” வேலை வேண்டாம். “அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலக்கலாம்” என்று விற்கிற மாத்திரை, பொடி எதையும் தொடாதே. குடியை வெறுக்க வைக்கும் மருந்து உண்டு. ஆனால் அதைத் தின்றவர் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகக்கூடும். அவர் சம்மதத்தோடு டாக்டர் கொடுக்க வேண்டியது அது.

கோபத்தில் நாம் செய்கிற ஆபத்தான காரியம் ஒன்று: “கிடக்கட்டும்” என்று விட்டுவிடுவது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை வீட்டை அழித்தது என்று படித்திருப்பாய். குடித்தவர் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது வழக்கமான போதையில்லை. திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடு.

நோய் என்று புரிந்தால் கோபத்தில் ஒரு பங்கு கழன்றுகொள்ளும். ஆனால் எல்லாவற்றையும் நோயின் தலையில் கட்டவும் நான் சம்மதிக்க மாட்டேன். கை நடுங்கியது நோய். உன் அம்மாவைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தைக்கு அவர்தான் பொறுப்பு.

குடி ஏழை வீட்டுப் பிரச்சினை என்று நினைக்காதே. நம் அடுப்பில் விசில் அடிக்கிற பிரெஸ்டீஜ் குக்கர் இருக்கிறதே, அந்த டி.டி.கே. குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன். நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரனான தன் கணவரை இளவயதிலேயே குடிக்குப் பறிகொடுத்தவர். 1980-ல் கணவர் பேரிலேயே ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். 1992-ல் சாந்திக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது விருது இல்லை. அங்கே குடித்தவருக்கு மட்டுமில்லை, வீட்டு ஆளுக்கும் தனியாகச் சிகிச்சை உண்டு. மனைவியோ அம்மாவோ உட்கார்ந்து பேசவும் கேட்கவும் வேண்டும். “குடிச்சது அவரு, கிளாஸுக்கு நான் எதுக்கு?” என்று நம் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கோபம் இருப்பது உன் உடம்பில். அதற்கு வைத்தியம் அவருக்குச் செய்ய முடியாது.

விடக்கூடாத கோபமும் உண்டு. உன்னையோ பிள்ளைகளையோ அடிக்கிறார் என்றால் இங்கே சொல்கிற எதுவும் உனக்கில்லை. 181-க்கு போன் பண்ணு, பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போ. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் உனக்குத் தருகிறது. ஒரு நோட்டில் தேதி, என்ன நடந்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் வைத்து நோட்டை அம்மா வீட்டில் கொடுத்து வை. டாக்டருக்கும் தேவைப்படும், வக்கீலுக்கும் தேவைப்படும். இன்னொரு லாபமும் உண்டு: நோட்டில் ஏறினதை நாக்கில் சுமக்க வேண்டியதில்லை.

இனி யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். அவர் குடியை நிறுத்துவார், உன் கோபம் அப்போதுதான் முழுசாக வெளியே வரும்.

என் வீட்டுக்காரர் நிறுத்திச் சில மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் வஞ்சிரக் குழம்பில் உப்பு கம்மி என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். குடித்த காலத்தில் உப்பைப் பற்றிப் பேச அந்த வீட்டில் நாக்கு ஏது? அவர் திகைத்துப்போய், “அதான் நிறுத்திட்டேனே, இன்னும் என்ன?” என்றார். நிறுத்தினவர் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. அவருக்குக் கதை அன்றைக்கு முடிந்தது. நமக்கு அன்றைக்குத்தான் பயம் விட்டுக் கோபப்பட நேரம் கிடைத்தது. அமெரிக்காவில் 1935-ல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். அவர் குடியை விட்ட பிறகு, கூட்டத்துக்குக் கிளம்பு என்று அவசரப்படுத்திய ஒரு நாளில், மனைவி லோயிஸ் ஷூவைத் தூக்கி வீசினார். அந்த அம்மாதான் பின்னால் 1951-ல், குடிப்பவர்களின் வீட்டாருக்கென்று அல்-அனான் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். சென்னையிலும் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணமில்லை, முழுப்பெயரும் வேண்டாம். சொந்தக்காரர்களிடமும் மகளிர் குழுவிலும் கொட்டுவதைவிட அங்கே கொட்டுவது மேல். அங்கே சொன்னது தெருவுக்கு வராது.

அந்தக் கட்டத்தில் மன்னிப்புக் கேட்கச் சொல்லாதே. கேட்பார், நீ “சரி” என்பாய், ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். எண்ணிப் பார்க்க முடிகிற ஒன்றைக் கேள். அடகில் மூழ்கிப்போன வளையலுக்கு மாதம் இவ்வளவு என்று போட்டு வாங்கித் தரச் சொல். பெண்ணின் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு இந்த வருஷம் அவரே போகட்டும். திருப்பித் தர முடியாத நஷ்டங்களும் இருக்கும். அவற்றுக்கு அழுதுவிடு, அவரிடம் வசூலிக்கப் போகாதே. கார்டையும் பின் நம்பரையும் மட்டும் அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதே. அதற்குப் பேர் கோபமில்லை, ஜாக்கிரதை.

பிள்ளைகள் பற்றி ஒன்றே ஒன்று. “போய் அப்பாவைக் கூட்டிட்டு வா” என்று பெரிய பெண்ணைக் கடைக்கு அனுப்பாதே. நம் கோபத்துக்கு அவளைச் சாட்சி வைக்கவும் வேண்டாம். பிள்ளை பேச ஆசைப்பட்டால், உனக்கே ராத்திரியில் தாங்கவில்லை என்றால், 14416 டெலி-மானஸ் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். குடி, போதை பற்றிய ஆலோசனைக்கு 14446.

போய்ச் சேர்ந்தவர் மேல் இருக்கிற கோபத்துக்கு மட்டும் எனக்குக் குறுக்கு வழி தெரியவில்லை. எதிரே ஆள் இல்லாத சண்டை அது. நாங்கள் செய்வது, அப்பாவின் திதி அன்றைக்கு உடன்பிறந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து அவர் கதையை முழுசாகப் பேசுவது. சம்பள நாளில் மெரினாவுக்குக் கூட்டிப்போய் சுண்டல் வாங்கிக் கொடுத்ததும் வரும், அம்மாவின் கம்மலை விற்றதும் வரும். யாரும் யாரையும் “செத்தவரைப் பத்தி அப்படிப் பேசாதே” என்று அடக்குவதில்லை. என் தம்பி படையலில் ஒரு குவார்ட்டர் வைப்பான். முதலில் அதற்காகவே அவனோடு பேசாமல் இருந்தேன். இப்போது வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். என் நிபந்தனை ஒன்றுதான், படையல் எடுத்ததும் அதை சிங்கில் கொட்டுகிற வேலை என்னுடையது.