பாரம் இடப்பக்கம், மருந்து வலப்பக்கம்

அன்புள்ள வாசகருக்கு,

கார் ஷெட்டில் ஆறு வருடம் ரிவெட் அடித்துக் கட்டிய ஆர்வி-7 விமானம் பறந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த வரியிலேயே ஒரு பெருமூச்சு: ஓட்டும் கோலான ஸ்டிக்கை விட்டால் இடது இறக்கை தொங்குகிறது, இத்தனை உழைப்பும் கோணலாகிவிட்டதோ என்று. பயப்படாதீர்கள். வீட்டில் கட்டும் விமானத்துக்கு இது பிள்ளைக்குப் பல் முளைக்கிறபோது வரும் காய்ச்சல். அமெரிக்காவில் இப்படிக் கட்டிய விமானத்தைப் பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனையாகப் பறக்கச் சொல்வது இதையெல்லாம் கண்டுபிடிக்கத்தான்.

ரைட் சகோதரர்களுக்கே இந்தக் கவலை இருந்தது. 1903 விமானத்தில் எஞ்சின் நடுவுக்கு வலப்பக்கம், ஓட்டுபவர் இடப்பக்கம். எஞ்சின் ஆளைவிடக் கனம். அதனால் வலது இறக்கையை நான்கு அங்குலம் நீளமாகச் செய்தார்கள். அவர்களும் தங்கள் கையால் கட்டியவர்கள்தானே!

உங்கள் விமானத்தில் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது எடையை. டேங்க் ஒவ்வொன்றும் சுமார் 80 லிட்டர். நிரம்பினால் 57 கிலோ. ஒரு நேரத்தில் ஒரு டேங்கிலிருந்துதான் எஞ்சின் குடிக்கும். அரை மணி நேரம் மாற்ற மறந்தால் பாரம் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். இன்னொன்று, இப்போது நீங்கள் தனியாகத்தான் பறக்கிறீர்கள். வலது இருக்கை காலி. தொங்கும் பாரத்தில் கொஞ்சம் நீங்களேதான்! பின்னாளில் தனியாகப் பறக்கப் போகிறீர்களா, துணையோடா என்று முடிவுசெய்துகொண்டு அந்த எடைக்குச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, குண்டு. கொத்தனாரின் ரசமட்டத்தில் நீர்க்குமிழி நடுவில் நிற்பதுபோல, டாஷ்போர்டில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் அந்தக் குண்டு நடுவில் நிற்க வேண்டும். ஒதுங்கி நின்றால் மூக்கு ஒரு பக்கம் திரும்பியபடி பறக்கிறது என்று பொருள். அதுவே ஓர் இறக்கையைத் தூக்கிவிடும். சக்கர உறைகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சுக்கானின் பின்னோரத்தில் ஒரு சிறு ஆப்பு ஒட்டினால் போதும். இதை முடிக்காமல் இறக்கையில் கை வைக்காதீர்கள்.

பிறகு, காற்றில்லாத ஒரு காலைப்பொழுதில் மேலே போய், இறக்கைகளைச் சமமாகப் பிடித்துக்கொண்டு ஏலரான்களைப் பாருங்கள். இறக்கையின் பின்னோரத்தில், நுனிப் பக்கமாக, கீலில் ஆடுகிற பலகைகளைத்தான் சொல்கிறேன். சமமாகப் பறக்க இடது ஏலரான் கீழேயும் வலது மேலேயும் நிற்க வேண்டியிருந்தால் கோளாறு இறக்கையில்: ஒரு ஃபிளாப் (ஏலரானுக்கு உள்ளே, உடல் பக்கமாக இருக்கிற பலகை) முழுசாக மேலே ஏறவில்லை, அல்லது இறக்கை பொருத்திய கோணம் மாறியிருக்கிறது. இரண்டும் இறக்கை நுனியோடு ஒட்டி நேராக நின்றும், அவற்றை அங்கே நிறுத்திவைக்க உங்கள் கை அழுத்த வேண்டியிருந்தால் கோளாறு ஏலரானில்.

பெரும்பாலும் இரண்டாவதுதான். பறக்கும்போது காற்று இரண்டு ஏலரான்களையும் மேல்நோக்கி இழுக்கிறது. அவை தண்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒன்று ஏறினால் மற்றது இறங்கியாக வேண்டும். கயிறு இழுக்கும் போட்டி மாதிரி, இரு பக்கமும் சமபலமாக இருந்தால் எதுவும் நகராது. ஏலரானின் பின்னோரம் ஒரே அலுமினியத் தகட்டை மடித்த மடிப்பு. தகட்டின் கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த மடிப்பு ஒன்றில் கூராகவும் மற்றதில் உப்பலாகவும் அமைந்துவிட்டால் உப்பலான பக்கத்தின் இழுப்பு குறையும். கூரான பக்கம் ஜெயித்து மேலே ஏறும். அது ஏறிய இறக்கை தாழும்.

ஆக, தொங்குவது இடது இறக்கை. காரணம் வலது ஏலரானின் உப்பல். விமானத்தைத் தரையில் நிறுத்திவிட்டு இரண்டு மடிப்புகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் விரலுக்குத் தெரியும். ஓர் இரும்பு ஸ்கேலைத் தகட்டின் மேல் குறுக்காக, மடிப்புவரை வையுங்கள். உப்பலான இடத்தில் ஸ்கேல் ஊஞ்சல் ஆடும்.

வைத்தியம், லேசான இறக்கையின் ஏலரான் மடிப்பைச் சற்றே அமுக்குவது. ஆரிகன் மாநிலத்து அரோராவில் உங்கள் கிட்டைத் தயாரித்த வேன்ஸ் நிறுவனமே சொல்லும் வழிதான் இது. தகர வேலைக்காரர்களின் அகல வாய்க் கொறடு ஒன்றை எடுங்கள். தகட்டில் தழும்பு விழாமல் இருக்க அதன் வாயில் டேப் சுற்றுங்கள். ஒரே இடத்தில் நசுக்காமல், மடிப்பின் நீளம் முழுக்கச் சீராக, அமுக்கினோமா இல்லையா என்று உங்களுக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு அமுக்குங்கள். பறந்து பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு தடவை. அமுக்குவது சுலபம், உப்ப வைப்பது கஷ்டம். மிஞ்சிப்போனால் மரக்கட்டையை ஓரத்தில் வைத்துத் தட்டித்தான் மடிப்பைத் திரும்ப விரிக்க வேண்டும். அதில் தகடு நெளிந்தால் உங்களுக்கு மனசு தாங்காது.

ஸ்டிக்கில் ஒரு ஸ்பிரிங் மாட்டி இழுத்துக் கட்டினால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். டேங்க் ஏற்ற இறக்கத்துக்கும், பக்கத்தில் ஆள் உட்காரும் நாளுக்கும் அது நல்ல துணை. மடிப்பின் கோளாறை மறைக்க அதை மாட்டினால், அந்தத் துணை பாதி செலவழிந்த பிறகே உங்கள் கைக்கு வரும்.

ஒரு வேண்டுகோள். கொறடைத் தொடுவதற்கு முன்னால், எரிபொருள் சமமாக, குண்டு நடுவில், வழக்கமான வேகத்தில் ஸ்டிக்கை விட்டுவிட்டு, பத்து டிகிரி சாய எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் அதே போல் எண்ணுங்கள். அடுத்த கடிதத்தில் பெருமூச்சு வேண்டாம், அந்த எண்களை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்