வடகவுஞ்சியில் முதல் கட்டடம் எழுப்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

காபித் தோட்டத்துக்குள் ஒரு தங்கும் விடுதி. முதல் வேலையே நல்ல வேலை. வரைபடத்தைப் பார்த்தேன். முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி, ஓரத்தில் ஆரஞ்சு ஏசிபி ஷீட், மேலே மொட்டைமாடி. கோயம்புத்தூர் அவினாசி சாலையில் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சில்வர் ஓக் நிழலில் காபியும் மிளகும் மலைவாழையும் நிற்கிற சரிவில் வைத்தால் கண்ணை உறுத்தும்.

நிறத்தைக் குறை சொல்லவில்லை. கிளிப்பச்சையும் ரோஸும் தயங்காமல் அடிக்கிறவர்கள் நாம். சின்ன வீட்டுக்கு அது அழகுதான். உறுத்துவது அளவும், மண்ணை வெட்டிய விதமும். ஜேசிபியை விட்டுச் சரிவைச் செங்குத்தாகச் சீவி, அதில் மூன்று மாடி நிறுத்தினால், எதிர்மலையில் நிற்கிறவனுக்கு முதலில் தெரிவது வெட்டுப்பட்ட மண்தான். ஐப்பசி மழைக்கு முதலில் சரியக்கூடியதும் அதே இடம். தளத்தைச் சரிவோடு இரண்டு மூன்று படியாக இறக்கு. தாங்குசுவரைத் தாழ்வாகக் கட்டி, நீர் வடியத் துளை விடு. கூரை சாய்வாக இருக்கட்டும். பள்ளத்தாக்குப் பக்கம், அகன்ற இறவாரத்துக்குக் கீழே ஒரு நல்ல ஜன்னல் போதும்; பனிமூட்டத்தில் கண்ணாடிச் சுவர் வெறும் குளிர்தான் தரும்.

அதற்காக எதிர்ப்பக்கம் ஓடிவிடாதே. சிமென்டில் மரக்கட்டை போல வார்த்துப் பழுப்பு பெயின்ட் அடித்த ‘ஸ்விஸ்’ குடில் இன்னும் மோசம். உன் இடத்துக்குப் பக்கத்திலிருக்கும் கொடைக்கானலில் 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்க மிஷனரிகளும் வெளியாட்கள்தான். பின்னால் எழுந்த பழைய கல் வீடுகள் இன்றும் உறுத்தாமல் நிற்பதற்குக் காரணம், கல் அந்த மலையினுடையது, உயரம் மரத்துக்குக் கீழே.

“தூரத்திலிருந்தே தெரியணும்” என்பார் உரிமையாளர். எல்லாரும் கேட்பதுதான். அவருக்குப் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் கதையைச் சொல். கொடைக்கானலில் ஏழு மாடியாக எழுந்தது. பழனிமலைப் பாதுகாப்புக் குழு வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் வரை போய், 1995-இல் விதிக்கு மேற்பட்ட மாடிகளை இடிக்க வேண்டும் என்றே முடிந்தது.

வரைபடத்தை மாற்றுவதற்கு முன் ஒரு மழைநாளில் எதிர்ச்சரிவுக்குப் போய் நின்று அந்த இடத்தைப் பார். பார்த்துவிட்டு வரைந்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்