முகூர்த்தம் முடிந்த பூக்கள்

எங்கள் கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துப் பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரு ராத்திரியும் ஒரு காலையும்தான். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். மதியப் பந்தி முடிவதற்குள் டெக்கரேஷன் ஆட்கள் மேடையைப் பிரிக்க வந்துவிடுவார்கள். ஓசூர் ரோஜா, நீலகிரிப் பசுமைக்குடில் கார்னேஷன், ஜெர்பரா, சத்தியமங்கலம் சம்பங்கி எல்லாம் சாக்கில் திணிக்கப்பட்டுக் குப்பைக்குப் போகும். அவற்றில் பலவும் இன்னும் மூன்று நான்கு நாள் தாங்கக்கூடியவை. அந்தப் பூக்களை முதியோர் இல்லங்களுக்குக் கொண்டுபோகும் வேலையைச் சில வருடங்களாக நண்பர்களோடு சேர்ந்து செய்துவருகிறேன். தங்கள் ஊரிலும் இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக, கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

பூவை யாரிடம் கேட்பது என்பதுதான் முதல் கேள்வி. காசு கொடுத்தது கல்யாண வீடு. ஆனால் மேடையைப் போட்டவர் நல்ல ஆர்க்கிட்டை அடுத்த மேடைக்கென்று எடுத்து வைக்கலாம். அதனால் இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும், அதுவும் ஒரு வாரம் முன்னதாகவே. முகூர்த்தத்தன்று காலையில் பெண்ணின் அப்பாவிடம் போய் நிற்கக் கூடாது. டெக்கரேஷன்காரரிடம் முன்கூட்டியே பேசினால் இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்டேப்ளர் அடித்த பூவும் கம்பி குத்திய பூவும் நமக்கு உதவாது. பச்சை ஸ்பாஞ்சில் செருகியவை அப்படியே உருவி வரும், காம்பும் ஈரமாக இருக்கும். எந்தப் பக்கத்துப் பூ எப்படி வைத்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்த ஸ்பாஞ்சை மட்டும் இல்லத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அது மக்காது, தொட்டால் தூள் தூளாக உதிரும்.

மணமக்களின் மாலையைத் தொடுவதில்லை. அதை என்ன செய்வது என்பது அந்த வீட்டின் முறை. துக்க வீட்டுப் பூ எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். சுவாமிக்குச் சாற்றிக் களைந்த நிர்மால்யத்தையும் எடுப்பதில்லை. கான்பூரில் ‘பூல்’ என்ற நிறுவனம் கோயில் பூக்களிலிருந்து ஊதுபத்தி செய்கிறது. அந்தப் பூக்களுக்கு அது நல்ல வழி. அரளியைக் கட்டாயம் பிரித்து எடுத்துவிட வேண்டும். அது விஷம். மறதிநோய் உள்ளவர்கள் கையில் கிடைத்ததை வாயில் வைத்துவிடுவார்கள்.

மண்டபத்திலிருந்து கிளம்பும்போது தண்ணீர் ஊற்றிய பக்கெட்டுகள் வேண்டும். உதிரிக்கும் சரத்துக்கும் வாழை இலையும் ஈரத்துணியும் போதும். வாசலில் கட்டிய வாழைத்தாரையும் சேர்த்து வண்டியில் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றாதீர்கள். பழுக்கும் வாழைப்பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கார்னேஷனைச் சீக்கிரம் வாடச் செய்துவிடும். வீட்டுக்கு வந்ததும் காம்பின் நுனியைச் சாய்வாக ஓர் அங்குலம் வெட்டி, தண்ணீருக்குள் முங்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். ரோஜாவில் முள்ளையும், கருகிய வெளி இதழ் இரண்டொன்றையும் எடுத்தால் பூ புதிதாகத் தெரியும். ஜெர்பராவுக்கு இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், ஆழமாக வைத்தால் தண்டு அழுகிவிடும். சம்பங்கித் தண்டில் அடிப்பூக்கள் வாடியிருந்தால் அவற்றை மட்டும் கிள்ளுங்கள். மேல் மொட்டுகளில் சில மறுநாள் மலரும். சாயம் ஏற்றிய நீலப் பூக்களை நாங்கள் கொண்டுபோவதில்லை. படுக்கை விரிப்பெல்லாம் கறையாகிவிடும்.

இவையெல்லாம் எளிதில் பழகிவிடும். பூவை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அழகாகப் பூங்கொத்து கட்டி, ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்து வணக்கம் சொல்லிவிட்டு வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே அவர்களுக்கு எல்லாமே பிறர் கொடுப்பதுதான்: சாப்பாடு, மாத்திரை, துவைத்த துணி. பூவையாவது வேலையாகக் கொடுக்க வேண்டும். நடு ஹாலில் பாயை விரித்து, பூவைக் கொட்டி, கூடவே ஒரு கட்டு வாழைநாரை வைத்துவிட்டு நாம் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் முதல் நாள் எங்களைப் பார்த்துச் சொன்னார்: “நாரை நனைக்காமக் கொண்டாந்திருக்கற கண்ணு. இப்படியே கட்டுனா அறுந்து போகுமில்ல?” ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி நாரை முக்கி எடுத்து, நகத்தால் மெல்லிசாகக் கிழித்தார். காலை நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலில் ஒரு நுனியை மாட்டிக்கொண்டார். விரல் மூட்டுகள் வீங்கி, டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும் அவருக்கு. ஆனால் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று முல்லையை வைத்து முடிச்சு இழுக்கும்போது கை தடுமாறவில்லை. நடுநடுவே மரிக்கொழுந்தும் செவ்வந்தியும் சேர்த்துக் கதம்பமாக்கினார். பக்கத்தில் இருந்தவருக்கு முடிச்சு நழுவியபோது, “சுண்டி இழு ஆத்தா, பூவுக்கு வலிக்காது” என்று அதட்டினார். இல்லத்துச் சமையல்கார அம்மா வந்து ஒரு முழம் கேட்டு வாங்கிப்போனார். அன்றைக்கு அங்கே கொடுப்பவர் பாட்டிதான்.

எல்லோரும் தலையில் வைக்க மாட்டார்கள். “எனக்கெதுக்குச் சாமி பூவு, அவர் போயி இருவது வருசம் ஆச்சு” என்பதைப் பல இல்லங்களில் கேட்டிருக்கிறேன். கணவன் இறந்ததற்காக ஒரு பெண்ணிடமிருந்து பூவைப் பறிப்பது கொடுமை என்றே நினைக்கிறேன். அதற்காக, “அதெல்லாம் பழைய காலம், வையுங்கள் பாட்டி” என்று எல்லார் முன்னாலும் வற்புறுத்துவது இன்னொரு கொடுமை. அவர் கட்டிய சரத்தைச் சாமி படத்துக்குப் போடலாம், கட்டிலருகே டம்ளரில் ஒரு ரோஜா வைக்கலாம். மற்றதை அவர் முடிவு செய்யட்டும். சிலர் பிறகு தாமாகவே கேட்டு வைத்துக்கொண்டார்கள். பலர் இன்றுவரை வைக்கவில்லை. இரு சாராருக்கும் நாங்கள் ஒரே மாதிரிதான் பூ கொடுக்கிறோம்.

தாத்தாக்களை மறந்துவிடுகிறோம். பாயைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துவிட்டால் அவர்கள் வராந்தாவிலேயே நின்றுவிடுவார்கள். காம்பு வெட்டுவது, நிறம் பிரிப்பது, எந்த அறைக்கு எந்தப் பூ என்று முடிவு செய்வது என்று தனியாக ஒரு மேசை போட்டுக் கொடுங்கள். “ஐயா, இதை நீங்க பார்த்துக்கங்க” என்று கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தால் பொறுப்பாகச் செய்வார்கள். தோட்டம் வைத்திருந்தவர் ஒருவராவது அங்கே இருப்பார், ரோஜாவுக்கு மருந்தடிப்பதைப் பற்றி நமக்கே பாடம் எடுப்பார்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பூவைத் தலைமாட்டில் வைத்தால் தெரியாது. அவர் எந்தப் பக்கம் முகம் திருப்பிப் படுக்கிறார் என்று கேட்டு, அந்தப் பக்கம் கண் மட்டத்தில் வையுங்கள். கண்ணாடிக் குடுவை வேண்டாம். அடி கனத்த சொம்பு எளிதில் சாயாது, விழுந்தாலும் உடையாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அறையில் சம்பங்கி, லில்லி போன்ற வாசனை தூக்கலான பூ வேண்டாம். யாருக்கு ஆஸ்துமா என்று நர்ஸிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூ கிடைத்த முதியவர்களின் மனநிலை மேம்பட்டதையும், அன்றாட நிகழ்வுகளை நினைவுகூரும் திறன் கூடியதையும் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜீனெட் ஹேவிலண்ட் ஜோன்ஸ் குழுவினர் பதிவு செய்து 2005-இல் வெளியிட்டார்கள். நினைவைப் பற்றிய பகுதியை நான் உடனே நம்பினேன். பூ கட்டும் பாயில்தான் ஊர்ப் பெயர்களும் கல்யாணக் கதைகளும் தாமாக வெளியே வருகின்றன. அந்த நேரத்தில் போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். தானம் கொடுத்த வீட்டார் கேட்டால், மேசையில் அடுக்கிய பூவை எடுத்து அனுப்புங்கள், முகங்களை வேண்டாம்.

மூன்றாம் நாள் யாராவது ஒருவர் திரும்பப் போக வேண்டும். நாறும் தண்ணீரும் கருகிய பூவும் கட்டிலருகே கிடப்பது, பூவே இல்லாமல் இருப்பதைவிட மோசம். வாடியதை எடுத்து, கம்பியும் நூலும் களைந்து, இல்லத்துச் செடிகளுக்கு உரக்குழியில் போட்டுவிடுகிறோம்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், நமக்கும் ஓய்வெடுக்கத் தோன்றும். ஆனால் வைகாசியில் வாராவாரம் வந்தவர் ஆடியில் காணாமல் போனால், என்ன ஆயிற்றோ என்று அவர்கள் கவலைப்படுகிறார்கள். அந்த மாதங்களில் மேட்டுப்பாளையம் ரோட்டுப் பூ மார்க்கெட்டில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் உதிரிப்பூ மலிவாகக் கிடைக்கும். மார்கழிப் பனியில் மல்லி வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும் என்பதால் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் வாங்குகிறோம். ஒரு பாய்க்கு இரண்டு கிலோ தாராளம். அடுத்து வரும் தேதியை இல்லத்துக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டு வருகிறோம். வர முடியாவிட்டால் முந்தின நாளே போன் செய்து சொல்லிவிடுகிறோம்.