மலைநாட்டுக் குளிரில் மின் ஹீட்டரைத் தீங்கின்றிப் பயன்படுத்தல்

பட்டிப்பொலப் பகுதிக் கமக்காரர்க்கும் தோட்டக் குடும்பங்களுக்கும் உரிய குறிப்புகள்

இலங்கையிலுள்ள புகையிரத நிலையங்கள் யாவற்றுள்ளும் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல ஆகும். கடல் மட்டத்துக்கு மேல் 1,891 மீற்றர் உயரத்திலுள்ள இந்நிலையத்தைச் சூழ்ந்த சரிவுகளில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா முதலியன பயிராகின்றன. மார்கழி தொடக்கம் மாசி வரை, வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் துகள் உறைபனி படிந்து பயிரைக் கருக்குவதைக் கமக்காரர் நன்கறிவர். அதே குளிர் வீட்டினுள்ளும் புகுந்து குழந்தைகளையும் முதியோரையும் வருத்துகின்றது. அதனைத் தணிக்க மின் ஹீட்டரை வாங்குவோர் பலர். பயிருக்கு மருந்து தெளிக்குமுன் அளவறிதல் எவ்வாறு இன்றியமையாததோ, அவ்வாறே ஹீட்டரைப் பொருத்துமுன் வீட்டு வயரிங்கின் வலுவை அறிதலும் இன்றியமையாதது.

1. ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டம்

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 உவோல்ற்று அழுத்தமுடையது. கருவியின் உவாற்று எண்ணை 230 ஆல் வகுத்தால், அது எத்தனை அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும் என்பது புலனாகும்.

1,000 உவாற்று இஸ்திரிப்பெட்டி: 4.3 அம்பியர்
1,500 உவாற்று மின் கேத்தல்: 6.5 அம்பியர்
2,000 உவாற்று ஹீட்டர்: 8.7 அம்பியர்

60 உவாற்று இழை விளக்கு கால் அம்பியருக்குச் சற்றுக் கூடுதலாகவே இழுக்கும். எனவே ஒரு ஹீட்டரை இயக்குதல் இத்தகைய முப்பத்து மூன்று விளக்குகளை ஒருங்கே எரிப்பதற்கு ஒப்பாகும்.

2. தீ எவ்வாறு பிறக்கின்றது?

மின்னோட்டம் செல்லும் கம்பி சூடேறும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். மெல்லிய கம்பியில் மிகையான மின்னோட்டம் சென்றால் அதன் உறை இளகிக் கருகும்.

இதனினும் கொடியது தளர்ந்த இணைப்பு. ஒரு பிளக் பேஸில் திருகாணி தளர்ந்தோ துருவேறியோ அரை ஓம் அளவு தடை ஏற்பட்டுள்ளது எனக் கொள்வோம். அவ்வழியே விளக்கு எரிந்தால் அங்குத் தோன்றும் வெப்பம் மிக அற்பமானது, எவரும் உணரார். 2,000 உவாற்று ஹீட்டரைச் செருகினாலோ, அச்சிறு இடத்தில் ஏறத்தாழ 38 உவாற்று வெப்பம் பிறக்கும். இது வானொலி திருத்துவோர் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலின் வெப்பத்துக்கு நிகரானது. அவ்வெப்பம் பலகைச் சுவரில் பதித்த பிளக் பேஸினுள் இரவு முழுதும் நிலைத்தால் விளைவு யாதாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மனத்திற் பதித்தல் வேண்டும். தளர்ந்த இணைப்புக் கருகும்போது மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சுவதில்லை. ஆகையால் பியூஸ் உருகாது. மின்சாரம் நிலத்துக்குக் கசிவதுமில்லை. ஆகையால் ட்ரிப் சுவிட்சும் விழாது. “பல ஆண்டுகளாக விளக்கு நன்றாகத்தானே எரிகிறது” என்பதும் வயரிங் ஹீட்டரைத் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது.

3. பொருத்துமுன் கவனிக்க வேண்டியவை

(அ) கம்பி: விளக்குகளுக்கு இடப்படும் 1/1.13 என்னும் ஒற்றைக் கம்பியிலிருந்து ஹீட்டருக்கு மின் எடுத்தல் ஆகாது. பிளக் பேஸுக்கு 7/0.67 என்னும் ஏழிழைக் கம்பி, மெயின் பலகையிலிருந்து தனியே வருதல் வேண்டும்.

(ஆ) பிளக்: 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கே ஏற்றது. அதனுள் இருக்கும் சிறு பியூஸ் உருகினால் அதே அளவுள்ளதையே இடுக. கம்பித் துண்டையோ சிகரெட் தாளின் ஈயத்தையோ சுற்றுதல் காவற்காரனைக் கட்டிப்போடுதல் போன்றதாகும்.

(இ) நீட்டிப்பு வயர்: இயன்றவரை ஹீட்டரைச் சுவரிலுள்ள பிளக் பேஸில் நேரே செருகுக. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நீட்டிப்பு வயர்கள் இச்சுமையைத் தாங்கா. சுருட்டிய நிலையிலுள்ள வயர் தன் வெப்பத்தை வெளிவிட இயலாது மேலும் சூடேறும். பாய்க்கும் கம்பளத்துக்கும் அடியில் வயரை ஓடவிடுதலும் தவறு.

(ஈ) ஒரே பேஸில் பல கருவிகள்: ஹீட்டரும் கேத்தலும் ஒரே மல்ட்டி பிளக்கில் இயங்கினால் 15.2 அம்பியர் ஆகும். இது 13 அம்பியர் எல்லையைக் கடந்ததாகும்.

(உ) எர்த்: உலோக உடல் கொண்ட ஹீட்டருக்கு எர்த் கம்பி இன்றியமையாதது. ஈரம் கசியும் மலைநாட்டுத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு மின்தாக்கம் மிகக் கொடிது. பழைய வயரிங்கில் எர்த் இல்லையெனின், அது பொருத்தப்படும்வரை ஹீட்டரைத் தவிர்க்க.

(ஊ) ட்ரிப் சுவிட்ச்: அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துக. உடனே விழாவிடில் மின் வேலை கற்றவரை அழைத்து மாற்றுவித்தல் வேண்டும்.

4. லயன் குடியிருப்புகளுக்குச் சிறப்புக் குறிப்பு

லயன் அறைகள் ஒரே கூரையின்கீழ் தொடர்ந்தவை. ஓர் அறையிற் பற்றிய தீ கூரை வழியே ஓடி முழு வரிசையையும் அழிப்பதும், பல குடும்பங்கள் ஒரே இரவில் உடைமையை இழப்பதும் மலையகத்தில் பலமுறை நிகழ்ந்துள்ளன. ஆகவே ஓர் அறையின் வயரிங் அவ்வீட்டாரின் கவலை மட்டுமன்று. அயலார் அனைவரின் கவலையுமாகும். பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து ஹீட்டர் இயக்குதல் முற்றாக விலக்கத்தக்கது.

5. பயன்படுத்தும் முறை

ஹீட்டரைச் சுற்றி மூன்று அடி தூரம் வெறுமையாக இருத்தல் வேண்டும். கம்பளி, திரைச்சீலை, விறகு, உரப்பை, விதைக்கிழங்குச் சாக்கு, மண்ணெண்ணெய் எவையும் அவ்வெல்லைக்குள் இருத்தலாகாது. மழைக்காலத்தில் ஈரத்துணியை ஹீட்டர்மேல் உலர்த்தும் பழக்கத்தைக் கைவிடுக. உறங்கச் செல்லுமுன் நிறுத்திப் பிளக்கைக் கழற்றுக.

புதிதாகப் பொருத்திய நாளில், அரை மணி நேரம் இயக்கியபின் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பார்க்க. இளஞ்சூடு இருக்கலாம்; கை பொறுக்காத சூடு இருந்தால் மீண்டும் இயக்கலாகாது. பேஸ் பழுப்பு நிறமாதல், கருகல் மணம், சடசடப்பு, விளக்கு மங்கி மங்கி எரிதல் ஆகியனவும் எச்சரிக்கைகளே.

கோழிக்குஞ்சுகளுக்கு வெப்பமூட்டும் விளக்குக்கும் இவ்விதிகள் பொருந்தும். அவ்விளக்கை வயரால் தொங்கவிடாது சங்கிலியால் தொங்கவிடுக. உமியும் வைக்கோலும் அதன் வெப்பத்துக்கு எட்டாதிருக்கட்டும்.

6. செலவும் மாற்று வழிகளும்

2,000 உவாற்று ஹீட்டர் மணிக்கு 2 அலகு மின்சாரம் உண்ணும். இரவுக்கு நான்கு மணி நேரம் இயக்கினால் 30 நாளில் 240 அலகு ஆகும். மின் கட்டணம் அலகு கூடக் கூடப் படிப்படியாக ஏறுவதால் இச்செலவு வருமானத்தை அரிக்கும். இரண்டு லீற்றர் நீரைச் சூடாக்க அலகில் ஐந்தில் ஒரு பங்கே போதும். அந்நீரைக் கொதி அடங்கியபின் இறப்பர்ப் பையில் அடைத்துத் துணி சுற்றிப் படுக்கையில் வைத்தால் நெடுநேரம் கதகதப்பு நிற்கும். சாளர இடுக்குகளை அடைத்தலும் கூரைக்குக் கீழ் சீலிங் அமைத்தலும் ஒருமுறைச் செலவில் ஆண்டுதோறும் பயன் தருவன.

மின்சாரத்துக்கு அஞ்சிக் கரிச்சட்டியை மூடிய அறையினுள் வைத்தலோ அதனினும் ஆபத்தானது. எரியும் கரியிலிருந்து எழும் காபன் மொனொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. உறங்குவோர் அறியாமலே உயிரைப் பறிக்கும்.

7. விபத்து நேரின்

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. மின் நிற்குமுன் தண்ணீர் ஊற்றலாகாது. உலர்ந்த மணலைப் பயன்படுத்தலாம். தீ படருமாயின் பொருள்களை விடுத்து எல்லோரும் வெளியேறி அயலாரை எழுப்புக. மின்தாக்கம் உற்றவரைக் கையால் தொடாது, மின்னை நிறுத்தி விடுவித்து, 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க.

பனிக்காலம் தொடங்குமுன், காய்கறி விற்ற பணத்தில் ஒரு சிறு பகுதியை வயரிங் பார்வையிடுவதற்கு ஒதுக்குதல் நன்று. வீட்டிலுள்ள பிளக் பேஸ்களின் திருகாணிகளை மின் வேலை கற்றவர் இறுக்கிச் சரிபார்க்க ஒரு பகற்பொழுது போதும். அவ்வொரு பகற்பொழுது ஒரு லயன் முழுவதையும் காக்க வல்லது.